ஐந்து விமான நிலையங்கள், ஒரே வாசல்

வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை அளந்தால் இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர்தான். மக்கள்தொகை இரண்டு கோடியைச் சற்றே தாண்டும். இந்தச் சின்னத் தீவில் ‘சர்வதேச’ என்ற அடைமொழியோடு ஐந்து விமான நிலையங்கள் இருக்கின்றன: கட்டுநாயக்க, மத்தள, இரத்மலானை, பலாலி, மட்டக்களப்பு. காதுக்குக் கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் வெளிநாட்டுக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய எல்லோருமே மிதிக்கும் வாசல் ஒன்றுதான். அது கட்டுநாயக்க. மற்ற நான்கில் ஒன்றுக்கு ஓடுபாதை இருக்கிறது, விமானம் இல்லை. இன்னொன்றுக்கு ஆள் இருக்கிறது, பெரிய விமானம் இறங்க இடம் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் போனால் இலங்கையின் நூறாண்டு அரசியலே வந்து நிற்கிறது. இந்த வரைபடத்தின் முதல் கோடுகளை இரண்டாம் உலகப் போர் போட்டது. அடுத்தவற்றை உள்நாட்டுப் போர் அழித்தது. அதற்குப் பிறகு அரசியல்வாதிகள் பேனாவை எடுத்துக்கொண்டார்கள். எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று பயணிகளைக் கேட்டு வரையப்பட்ட பகுதி மிகக் கொஞ்சம்.

தொடக்கமே சென்னையோடுதான். 1935 நவம்பர் 27 அன்று, கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் புதிதாகப் போட்ட களத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம், மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த ‘புஸ் மோத்’ ரகக் குட்டி விமானம். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்த டாடா நிறுவனத்தின் தபால் விமானம் 1938-இல் கொழும்பு வரை நீண்டது. சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1947 டிசம்பர் 10 அன்று, நாட்டின் சொந்த நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. டகோட்டா என்று நம் ஊரில் அழைக்கப்படும் டி.சி.3 விமானம். இரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்தின் பலாலியில் இறங்கி அங்கிருந்து சென்னைக்குப் போயிற்று. இலங்கையின் சொந்த நிறுவனம் போட்ட முதல் வணிக விமானத் தடமே யாழ்ப்பாணம் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போட்ட தடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு நடந்ததை எடைபோட அது உதவும்.

இடையில் காலிக்கு அருகே கொக்கல ஏரியையும் சொல்லாமல் போக மனமில்லை. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்து ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தபோது, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸின் கட்டலினா கடல் விமானங்கள் இந்த ஏரியிலிருந்து பெர்த் நகருக்கு எங்கும் நிற்காமல் பறந்தன. எரிபொருளின் கனத்தால் பயணிகள் இரண்டு மூன்று பேருக்குமேல் ஏற முடியாது. முப்பது மணி நேரத்தைக்கூடத் தாண்டும் அந்தப் பயணத்தில் சூரிய உதயத்தை இரண்டு முறை பார்க்கலாம் என்பதால் அதற்கு ‘இரட்டை உதயம்’ என்றே பெயர். உலகில் மிக நீண்ட நேரம் நிற்காமல் பறந்த பயணிகள் சேவை தென்னிலங்கை ஏரி ஒன்றிலிருந்து ஓடியது என்பது இன்று அந்தப் பக்கம் கடலாடப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்!

இரத்மலானையின் ஓடுபாதை 1.8 கிலோமீட்டர். ஒரு பக்கம் காலி வீதி, சுற்றிலும் குடியிருப்பு. ஜெட் விமானங்கள் வந்த காலத்தில் அதை நீட்ட வழியில்லை. நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் பிரிட்டிஷ் விமானப்படை போர்க்காலத்தில் அமைத்த தளம் இருந்தது. 1957-இல் பிரிட்டிஷார் தளங்களைக் கைவிட்டதும் அந்த இடம் இலங்கையின் கைக்கு வந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் சர்வதேசச் சேவைகள் அங்கே நகர்ந்தன. 1970-இல் முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்கவின் பெயர் சூட்டப்பட்டது. 1977-இல் ஆட்சி மாறியதும் அந்தப் பெயர் போயிற்று. 1994-இல் மறுபடி ஆட்சி மாறியது; 1995-இல் பெயர் திரும்பி வந்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இலங்கையில் என்றுமே வேலைக்குப் பஞ்சமில்லை.

கட்டுநாயக்க கொழும்பிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2013 அக்டோபரில் அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்படும் முன்பு அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆவது சாதாரணம். இப்போது கொழும்புக் கோட்டையிலிருந்து 187ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். அருகிலேயே 1978-இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் விடுதிகள் தெருத் தெருவாக நிற்கின்றன. விமான நிலையமும் வர்த்தக வலயமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தவை.

இந்த நிலையத்தின் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றுலா விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு வருகைக் கூடத்துக்குப் போக வேண்டும். குடிவரவு முத்திரை குத்தி வெளியே வந்ததும் தீர்வையற்ற கடைகள் வரிசையாக வரும். உலகத்தின் மற்ற விமான நிலையங்களில் அங்கே வாசனைத் திரவியமும் மதுவும் இனிப்பும் இருக்கும். கட்டுநாயக்கவில் அவற்றோடு குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பெரிய தொலைக்காட்சி, அடுப்பு எல்லாம் மேடை போட்டு அடுக்கியிருக்கும். குவைத்திலோ ரியாத்திலோ இரண்டு ஆண்டு வீட்டு வேலை செய்துவிட்டு இறங்கும் பெண், கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே வானோடு குடும்பமே காத்திருக்கும். புறப்படும் பக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் முகப்பு இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பதிவை அங்கே சரிபார்ப்பார்கள். பொருளாதாரம் நொறுங்கிய 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் இப்படிப் பதிந்து வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். டுபாய், அபுதாபி, தோஹா, குவைத், ரியாத், தம்மாம் என்று வளைகுடாவுக்கு நாள்தோறும் விமானங்கள் நிரம்பி ஓடுவதன் காரணம் இதுதான். எமிரேட்ஸ், கத்தார், எதிஹாத், ஃப்ளைடுபாய், ஏர் அரேபியா என்று வளைகுடா நிறுவனங்கள் அத்தனையும் வருகின்றன. போகும்போது தொழிலாளர்களோடு ஐரோப்பாவுக்குப் போகும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு டுபாயிலோ தோஹாவிலோ இறக்கி வேறு விமானத்துக்கு மாற்றிவிடுகின்றன. விமானத்தின் வயிற்றில் மாலைதீவுக்கு மலைநாட்டுக் காய்கறியும், தூர தேசங்களுக்குச் சூரை மீனும் போகும்.

கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானங்கள் எப்போதுமே குறைவு. தேசிய விமான நிறுவனமான ஸ்ரீலங்கன் 2016-இல் ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் சேவைகளை நிறுத்தி இலண்டனை மட்டும் வைத்துக்கொண்டது. பாரிஸ் பின்னர் திரும்பியது. குளிர்காலச் சுற்றுலாப் பருவத்தில் ஸூரிக்கிலிருந்து எடல்வைஸ் போன்ற நிறுவனங்கள் வந்து போகும். டொரண்டோவில் இத்தனை ஈழத்தமிழர் இருந்தும் கனடாவுக்கு நேரடி விமானம் இல்லை. கிழக்கே சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், டோக்கியோ, சீன நகரங்கள். தெற்கே மெல்போர்ன், சிட்னி. தென்மேற்கே ஒன்றரை மணி நேரத்தில் மாலே.

ஆனால் கொழும்பின் அசல் பலம் இந்தியா. சென்னைக்கு ஒன்றேகால் மணி, திருச்சிக்கும் மதுரைக்கும் ஒரு மணி. கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூர், ஹைதராபாத், மும்பை, டெல்லி. இந்தத் தடங்களில் ஏறுகிறவர்களைக் கவனித்தால் ஒரு விமானத்துக்குள் பத்து உலகம் தெரியும். மருத்துவத்துக்குச் சென்னைக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள், சிதம்பரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியோடு சபரிமலைக்குப் போகிறவர்கள். சிங்கள பௌத்தர்களுக்குப் புத்தகயை யாத்திரை வாழ்நாள் ஆசை; அதற்கென்றே கொழும்பிலிருந்து கயாவுக்கு விமானம் விடப்படுகிறது. 2021 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் விமான நிலையம் திறக்கப்பட்டபோது முதலில் இறங்கிய சர்வதேச விமானம் கொழும்பிலிருந்து பிக்குகளை ஏற்றி வந்த ஸ்ரீலங்கன் விமானம். இவர்களோடு ‘குருவி’களும் உண்டு. சென்னையில் பர்மா பஜார் வாசனை தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. போகும்போது துணிமணி, வரும்போது கிராம்பு, சோப்பு, சாராயப் போத்தல் என்று அனுமதித்த எடைக்குள் சரக்கைத் தூக்கி நாலு காசு பார்க்கும் சிறு வியாபாரிகள். சிலர் எடைக்கு அப்பாலும் தூக்குவார்கள். அது சுங்க அதிகாரிகளின் கவலை.

இன்னொரு பெரிய கூட்டம் கொழும்பில் இறங்கி வெளியே வராமலே அடுத்த விமானத்தில் ஏறிவிடும். மதுரையிலிருந்து டுபாய்க்கோ, திருச்சியிலிருந்து மாலேக்கோ, கொச்சியிலிருந்து மெல்போர்னுக்கோ போகிறவர்கள். தென்னிந்தியாவின் இரண்டாம் நிலை நகரங்களுக்குப் போதிய வெளிநாட்டு விமானம் இல்லாத காலத்தில் ஸ்ரீலங்கன் இந்தப் பயணிகளை நம்பியே வளர்ந்தது. 2012-இல் மதுரைக்கு முதன்முதலாக வெளிநாட்டு விமானம் வந்தபோது அது கொழும்பு விமானம்தான். இந்த வியாபாரத்துக்கு இப்போது போட்டி கடுமை. பெங்களூரும் ஹைதராபாத்தும் கொச்சியும் நேரடித் தடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. இண்டிகோ ஏராளமான புதிய விமானங்களை வாங்கிக் குவிக்கிறது. கொழும்பு இடைநிலையமாக வாழ வேண்டுமானால் மாறும் நேரம் குறைவாக, விமானம் நேரத்துக்கு ஓடுவதாக இருக்க வேண்டும். அங்கேதான் வருகிறது தேசிய விமான நிறுவனத்தின் கதை.

ஏர் சிலோன் கடனில் மூழ்கி மூடப்பட்டு, 1979 செப்டம்பரில் ஏர் லங்கா பறக்கத் தொடங்கியது. 1998-இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்கு வாங்கிப் பத்தாண்டுக்கு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. பெயர் ஸ்ரீலங்கன் ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடிந்த விதம் இலங்கை அரசியலுக்கே உரியது. 2007 டிசம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினர் இலண்டனிலிருந்து திரும்புவதற்காக, ஏற்கெனவே இருக்கை எடுத்த பயணிகளை இறக்கிவிட்டு இடம் தரும்படி கேட்டார்கள். நிறுவனம் மறுத்தது. தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் பணி விசா ரத்தாயிற்று. 2008-இல் எமிரேட்ஸ் விலகிக்கொண்டது. அதற்கு முன்பே 2007-இல் அரசு ‘மிஹின் லங்கா’ என்று மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றையும் தொடங்கியிருந்தது. அதுவும் நட்டத்தில் ஓடி 2016-இல் ஸ்ரீலங்கனுக்குள் கரைந்தது. 2014-இல் ஸ்ரீலங்கன் ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியில் சேர்ந்தது உண்மையான சாதனை. பயணச்சீட்டு ஒன்றோடு உலகத்தின் பாதியைத் தொட அது வழி செய்தது. ஆனால் கூட்டணிச் சின்னத்தால் நட்டக் கணக்கை அடைக்க முடியவில்லை.

கட்டுநாயக்கவின் மிகப் பெரிய பலவீனம் அதன் ஒற்றை ஓடுபாதை. 3,350 மீட்டர் நீளம், எந்தப் பெரிய விமானமும் இறங்கும். ஆனால் ஒன்றுதான். அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்க 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை நாட்டின் வாசலையே சாத்த வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் இந்தப் பலவீனம் எப்படிப் பழிவாங்கும் என்பதும் தெரிந்தது. 2001 ஜூலை 24 விடியலில் விடுதலைப் புலிகள் பக்கத்து விமானப்படைத் தளத்தைத் தாக்கி அப்படியே பயணிகள் நிலையத்துக்குள்ளும் நுழைந்தார்கள். ஸ்ரீலங்கனின் 12 விமானங்களில் பாதி அழிந்தன அல்லது சேதமடைந்தன. காப்புறுதிக் கட்டணம் எகிறியது, சுற்றுலா சுருண்டது. 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் அதே தளத்தின் மேல் குண்டு வீசியபோது சில வெளிநாட்டு நிறுவனங்கள் சேவையை நிறுத்தின; நிலையமே சில காலம் இரவில் மூடப்பட்டது.

இரண்டாவது பலவீனம் இட நெருக்கடி. முனையம் ஆண்டுக்கு 60 லட்சம் பேரைத் தாங்கும்படி அமைந்தது. 2018-இல் அதன் வழியே போய்வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஜப்பானின் ஜைக்கா நிதியில் இரண்டாம் முனையம் கட்டும் பணியை ஜப்பானின் தாய்செய் நிறுவனம் 2020 நவம்பரில் தொடங்கியது. முடிந்தால் இன்னும் 90 லட்சம் பேருக்கு இடம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அரசு அறிவித்ததும் நிதி நின்றது, கிரேன்களும் நின்றன. அதே ஆண்டு விமானத்துக்கு ஊற்ற எரிபொருளும் இல்லை. கொழும்பிலிருந்து தொலைதூரம் போகும் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. ஜூன் மாதத்தில், குத்தகைத் தகராறு ஒன்றில் கொழும்பு வணிக நீதிமன்றம் ஏரோஃப்ளோட் விமானத்தைப் புறப்பட விடாமல் தடுத்தது. ரஷ்யா கோபித்துக்கொண்டு சேவையை நிறுத்தியது. சுற்றுலாப் பயணிகளுக்காகத் தவம் கிடந்த நேரத்தில் மாஸ்கோ தடமும் அக்டோபர் வரை அறுந்து கிடந்தது.

ஒற்றை ஓடுபாதை ஆபத்து என்றால் இரண்டாவதாக ஒரு நிலையம் வேண்டும் என்ற வாதத்தில் தவறில்லை. கட்டுநாயக்க மூடினால் விமானங்கள் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ மாலேக்கோ திரும்ப வேண்டியிருக்கும். தவறு இடத்தைத் தேர்ந்ததில்தான். முதலில் வீரவில என்ற ஊரைப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அம்பாந்தோட்டை மாவட்டத்திலேயே மத்தளவுக்கு நகர்ந்தார்கள். அது ராஜபக்ச குடும்பத்தின் சொந்த மாவட்டம். ஏற்கெனவே அங்கே துறைமுகம் வந்தாயிற்று, காட்டுக்கு நடுவே சூரியவெவ கிரிக்கெட் மைதானம் வந்தாயிற்று, 2018 காமன்வெல்த் விளையாட்டுக்கு மனுப்போட்டுத் தோற்றும் ஆயிற்று. 2013 மார்ச் 18 அன்று மத்தள ராஜபக்ச சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு 20 கோடி டாலருக்கு மேல். அதில் 19 கோடி சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஓடுபாதை 3,500 மீட்டர், கட்டுநாயக்கவைவிட நீளம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளுக்கான முனையம்.

பயணிகள்தான் வரவில்லை. சுற்றிலும் உள்ள ஊர்களில் வெளிநாடு போகிறவர்களுக்கும் கட்டுநாயக்கவே வசதி, ஏனென்றால் விமானம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீலங்கனை வற்புறுத்தி மத்தளவில் இறங்கிப் போக வைத்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு தடவை இறங்கி ஏற எண்ணெய்ச் செலவு ஏறியதுதான் மிச்சம். 2015 ஜனவரியில் ஆட்சி கவிழ்ந்த கையோடு ஸ்ரீலங்கன் கிளம்பிவிட்டது. சரக்குக் கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். புந்தலப் பறவைகள் சரணாலயம் பக்கத்தில். யானைகளுக்கு அந்த நிலம் பழைய வழித்தடம். 2016-இல் ஓடுபாதையிலிருந்து விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் காவலரும் வரிசை கட்டி நடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஃபோர்ப்ஸ் இதழ் ‘உலகின் மிக வெறுமையான விமான நிலையம்’ என்று எழுதியது. 2018 ஜூனில் கடைசியாக மிஞ்சியிருந்த ஃப்ளைடுபாய் சேவையும் நின்றது. 2024 ஏப்ரலில் இந்திய நிறுவனம் ஒன்றும் ரஷ்ய நிறுவனம் ஒன்றும் சேர்ந்த கூட்டுக்கு முப்பது ஆண்டு நிர்வாகத்தைக் கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது.

மத்தளவைச் சிரித்துத் தள்ளிவிடுவது எளிது. ஒன்றிரண்டு நல்லதும் நடந்திருக்கிறது. 2018-இல், அப்போது உலகின் ஆகப் பெரிய சரக்கு விமானமாக இருந்த ஆன்டனோவ் 225 அங்கே இறங்கிப் போயிற்று. கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், உக்ரைன் சுற்றுலாப் பயணிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாக இறக்க அதுதான் பயன்பட்டது. மாற்று நிலையமாக அதன் இருப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் மாற்று நிலையம் ஒன்றுக்கு இத்தனை கோடிக் கடனா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இனிப் பலாலி. யாழ்ப்பாண நகரிலிருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டர் வடக்கே, கடற்கரையை ஒட்டி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். ஏர் சிலோன் காலத்தில் அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் ஓடியது. வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பலாலியிலிருந்து கட்டுநாயக்க வான்வழியில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். திருச்சி 200-க்கும் குறைவு. அதாவது யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சி பக்கம். எழுபதுகளின் கடைசியில் அந்தத் தொடர்பு அறுந்தது. 1978 செப்டம்பரில் ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பிறகு போர். 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேற, பலாலியைச் சுற்றிய கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின.

போர்க்காலப் பலாலிப் பயணத்தை அனுபவித்தவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, மணிக்கணக்கான சோதனை, ஜன்னல் மூடிய படைப் பேருந்து, இரத்மலானைக்கு ஒரு மணி நேரப் பறப்பு. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் ஆன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போயிற்று. புலிகள் சுட்டு வீழ்த்திய அந்த விமானத்தின் சிதைவுகள் இரணைதீவுக்கு அருகே கடலடியில் 2012-இல்தான் கிடைத்தன. உறவுகளின் உடுப்புத் துண்டுகளை அடையாளம் காட்ட மக்கள் வரிசையில் நின்றார்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின் குடாநாட்டுக்குக் கப்பலும் இந்த விமானமும்தான் வழி.

2019 அக்டோபர் 17 அன்று ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஏ.டி.ஆர். விமானம் விட்டது. நாலு மாதத்தில் கொரோனா வந்து பூட்டியது. பூட்டு திறக்க 2022 டிசம்பர் 12 ஆயிற்று. 2023 ஜூலையில் சேவை தினசரி ஆயிற்று. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வருகிறது. விளம்பரம் இல்லாமல், கடன் வாங்காமல், தன்பாட்டில் வளர்ந்த தடம் இது.

யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். டொரண்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் குடும்பம் கட்டுநாயக்கவில் இறங்கினால் அதன் பிறகுதான் உண்மையான பயணமே தொடங்கும். அமர்த்திய வானில் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று ஏழெட்டு மணி நேரம். வழியில் தேநீருக்கு இரண்டு நிறுத்தம், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு நாலு நிறுத்தம். சென்னை வழியாக வந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் பலாலி; உறவினர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இந்திய விசா எடுக்க வேண்டும் என்பது இதில் ஒரு சிக்கல். எதிர்த்திசையில் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் சேலைக்கும் போகும் யாழ்ப்பாணத்தாருக்கு விசா எப்படியும் வேண்டியதுதான். அவர்களுக்கு மிச்சமாவது கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போய்த் திரும்பும் இரண்டு நாள்.

குறை என்னவென்றால் இறங்குவது எழுபதுசொச்சம் இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். மட்டும்தான். ஜெட் விமானம் இறங்க ஓடுபாதையைச் சீராக்கி நீட்ட வேண்டும். பெரிய விமானம் வந்தால் கட்டணம் குறையும், பெட்டி எடை கூடும், பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் யோசிக்கலாம். ஆனால் நீட்டுவதற்கான நிலம் யாருடையது? 1990-இல் வெளியேறியவர்களின் காணிகள் 2015-க்குப் பின் கட்டம் கட்டமாக விடப்பட்டன, எல்லாம் விடப்படவில்லை. முப்பது ஆண்டுகளாக முகாமிலும் வாடகை வீட்டிலும் காத்திருக்கும் மனிதரிடம் போய் ‘உங்கள் தோட்டத்தில் விமானம் இறங்கப்போகிறது’ என்று சொல்வதை வளர்ச்சி என்று அவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. படைமுகாம் வைத்திருக்கும் பரப்பைக் குறைத்து, அதிலிருந்து ஓடுபாதைக்கு இடம் எடுப்பதே நியாயம். எடுத்தே தீர வேண்டிய தனியார் காணிக்கு இன்றைய விலை கொடுக்க வேண்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள நிலையம் 2018 மார்ச்சில் விமானப்படையிடமிருந்து பொதுப் பயணத்துக்குத் திறக்கப்பட்டது. ‘சர்வதேச’ப் பெயர் வைத்தாலும் அதன் நிலை அரைத் தூக்கம்தான். திருகோணமலை சீனன்குடாவில் நல்ல ஓடுபாதை இருக்கிறது, அது படையினருடையது. சினமன் ஏர் நிறுவனத்தின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கவிலிருந்து அங்கேயும் சிகிரியா, கொக்கல போன்ற இடங்களுக்கும் வசதி படைத்த சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகின்றன. சில தடங்களில் நீர்த்தேக்கத்திலேயே இறங்குகின்றன. இரத்மலானைக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் 2022 மார்ச்சில் மாலேயிலிருந்து சர்வதேசப் பயணிகள் விமானம் வந்தது. கொழும்பு நகரை ஒட்டியே இறங்கும் வசதியை வைத்துக்கொண்டு அந்த நிலையத்தைத் தனியார் ஜெட்டுகளுக்கும் பறக்கும் பயிற்சிக்கும் விட்டுவைத்திருப்பது வீண். திருச்சிக்கும் மதுரைக்கும் ஏ.டி.ஆர். விட அந்த 1.8 கிலோமீட்டர் தாராளம்.

இத்தனையும் பார்த்த பின் என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை அரசிடம் விமான நிலையத்துக்கென்று செலவழிக்க அடுத்த நூறு ரூபாய் இருந்தால், முக்கால் பங்கு கட்டுநாயக்க இரண்டாம் முனையத்துக்குப் போக வேண்டும். 2024-இல் 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அவர்களில் 4 லட்சத்துக்கு மேல் இந்தியர். அந்தக் கூட்டத்தையும் வேலைக்குப் போகிறவர்களையும் பழைய முனையத்துக்குள்ளேயே நெருக்கி அடைப்பது நாட்டுக்கே நட்டம். மிச்சம் பலாலிக்கு. மத்தளவுக்குப் புதுக் கடன் வேண்டாம். மாற்று நிலையமாகவும் சரக்குக்கும் விமானப் பழுதுபார்ப்புக்கும் வாடகைக்கு எடுப்பவர் இருந்தால் கொடுக்கலாம். மட்டக்களப்புக்குக் கொழும்பிலிருந்து ஒழுங்கான உள்நாட்டுச் சேவை ஒன்று ஓடட்டும், ‘சர்வதேச’ப் பட்டம் பிறகு.

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பு வழியாகச் சீட்டுப் போடும் முன் சென்னை, திருச்சி இரண்டிலிருந்தும் பலாலிக்குக் கட்டணம் பாருங்கள். கொழும்பு விமானம் மலிவாகத் தெரிந்தாலும் அதன் மேல் வான் வாடகையையும் ஒரு பகல் பொழுதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏ.டி.ஆர். சிறிய விமானம், பெட்டி எடை வரம்பைச் சீட்டில் படித்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.